குடத்துக்குள் இல்லாத ஓலை

2022ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் ஒரு மாலை, என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். இளங்கலைத் தமிழில் என்னிடம் படித்தவள். திருமணம், இரண்டு பிள்ளைகள், தையல் மிஷின் என்று போயிருந்த வாழ்க்கையில், எங்கள் சிறிய மாநகராட்சியில் பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஒரு வார்டு அவளைத் திடீரென்று மாமன்ற உறுப்பினர் ஆக்கியிருந்தது. கையில் ஒரு தடித்த கட்டு. "மேடம், இது அஜெண்டா. நாளை மறுநாள் கூட்டம். அறுபதுக்கு மேல பொருள் இருக்கு. தமிழ்லதான் இருக்கு, ஆனா எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க தமிழ்தானே?" என்றாள்.

நான் தமிழ்தான். சங்க இலக்கியத்தில் முனைவர் பட்டம் வாங்கியவள். ஆனால் அன்று அந்தக் கட்டைப் புரட்டியபோது எனக்கும் புரியவில்லை. ஒவ்வொரு பொருளும் ஒரே நீண்ட வாக்கியம். பக்கத்தின் உச்சியில் தொடங்கி, கடிதங்களையும் அரசாணைகளையும் மதிப்பீட்டுத் தொகைகளையும் கோத்துக்கொண்டு கீழே வந்து, "மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்படுகிறது" என்று முடிகிறது. வைப்பது யார்? வினைமுற்று இருக்கிறது, எழுவாய் இல்லை. யாப்பிலக்கணம் நடத்துகிறவளுக்கு இது முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகுதான் உறைத்தது. ஓர் ஊர் எப்படி ஆளப்படுகிறது என்பதை அந்த இல்லாத எழுவாய் சொல்லிக்கொண்டிருந்தது.

அவள் கிளம்பும்போது தன் புது லெட்டர் பேடில் ஒரு தாளைக் கிழித்து எண்ணை எழுதப் போனாள். தாளிலேயே எண் அச்சாகியிருந்தது. "அது அவரோட நம்பர் மேடம்" என்று சொல்லி, அதை அடித்துவிட்டு அருகில் தன் எண்ணை எழுதினாள். 'அவர்' என்றால் கணவர், லோடு வண்டி ஓட்டுகிறவர்.

இந்தக் கட்டுரை அந்த அடித்தலிலிருந்து தொடங்குகிறது.

*

உள்ளாட்சி என்றதும் நாம் எல்லோரும் உத்திரமேரூருக்குப் போவோம். பாடநூல்கள் போகின்றன, மேடைகள் போகின்றன. நானும் வகுப்பில் பலமுறை போயிருக்கிறேன். முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919லும் 921லும், அந்த ஊர்ச் சபை தன் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதிகளைக் கல்லில் வெட்டிவைத்தது. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரமறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். ஆண்டு வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் பன்னிரண்டு பன்னிரண்டு பேர், ஏரி வாரியத்துக்கு ஆறு பேர்.

தகுதிகள் எவை? இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். அது ஒரு பிரம்மதேய ஊரின் சபை. உழுதவர்களின் பெயர் அந்தக் குடத்துக்குள் போகவில்லை, பெண்ணின் பெயரும் போகவில்லை. இதை நாம் ஒரு வரியில் சொல்லிவிட்டு, "இருந்தாலும் அந்தக் காலத்திலேயே..." என்று பெருமைக்குத் திரும்பிவிடுவது வழக்கம்.

நான் இப்போது திரும்பிப் படிப்பது வேறு ஒரு விதியை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி வர முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய உறவினர்களும் வர முடியாது. அந்த உறவினர் பட்டியலைக் கல்வெட்டு மிகக் கவனமாகத் தருகிறது. தாயின் சகோதரிகளுடைய மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார், மனைவியின் சகோதரன், சகோதரியின் கணவன், சகோதரியின் மகன், மருமகன் என்று போகிறது. இந்தப் பட்டியலில் பெண்கள் இருக்கிறார்கள். தாயாக, அத்தையாக, மனைவியாக, சகோதரியாக, மகளாக எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். ஆனால் இரண்டு ஆண்களை இணைக்கும் வழியாக மட்டும்.

ஒருவன் தப்பு செய்துவிட்டு மச்சினன் பெயரில் மறுபடி அதிகாரத்துக்கு வந்துவிடக்கூடாது என்ற பயம் அந்தச் சபைக்கு இருந்திருக்கிறது. நல்ல பயம். மனைவி பெயரில் வந்துவிடுவான் என்ற பயம் மட்டும் அதற்கு இல்லை. மனைவியின் பெயர் ஓலையில் ஏறக்கூடும் என்பதே அந்தச் சபையின் கற்பனைக்கு வெளியே இருந்தது. ஆயிரம் ஆண்டுகள் கழித்து, சட்டம் அந்தப் பெயரை ஓலையில் ஏற்றியது. அந்தப் பழைய பயமும் அப்போதுதான் புது உருவத்தில் வந்தது.

*

நடுவில் வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். சென்னை மாநகராட்சிக்கான சாசனம் 1687இல் எழுதப்பட்டு, 1688இல் அமலுக்கு வந்தது. மேயர், ஆல்டர்மேன்கள், அங்கி, செங்கோல் என்று லண்டன் கோலத்தில் பிறந்தது அது. இன்றும் நம் மேயர்கள் சிவப்பு அங்கியும் தங்கச் சங்கிலியும் அணிவதும், நெடுங்காலம் 'வணக்கத்துக்குரிய மேயர்' என்று அழைக்கப்பட்டதும் அந்த வழியில் வந்தவையே.

சிறிய ஊர்களின் கதை வேறு. 1865ஆம் ஆண்டு நகர மேம்பாட்டுச் சட்டத்தைத் தொடர்ந்து, 1866இல் காஞ்சிபுரம், தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற ஊர்கள் நகராட்சிகளாயின. குப்பை, சாக்கடை, காலரா, தெருவிளக்கு இவற்றுக்கான செலவை ஊராரிடமே வரியாக வாங்கிக்கொள்வதற்கான ஏற்பாடு அது. 1882இல் ரிப்பன் பிரபு தல சுயாட்சித் தீர்மானம் கொண்டுவந்தார், 1884இல் சென்னை மாகாண மாவட்ட நகராட்சிகள் சட்டம் வந்தது. வரி கட்டுகிற ஆண்கள் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினார்கள். 1920ஆம் ஆண்டுச் சட்டம் இதை விரிவாக்கியது. அப்போதும் வாக்கு, வரி ரசீதின் முதுகில்தான் ஏறி வந்தது. சொத்து யார் பெயரில் இருந்ததோ அவருக்கே ஊரில் குரல். சொத்து யார் பெயரில் இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

1921இல் சென்னை மாகாணம் பெண்களுக்குச் சட்டசபை வாக்குரிமை தந்தது. அங்கும் சொத்துத் தகுதி உண்டு. நகராட்சிகளில் பெண்கள் பெரும்பாலும் நியமன உறுப்பினர்களாகவே உள்ளே வந்தார்கள். படித்த, வசதியுள்ள, பெயர்பெற்ற குடும்பத்துப் பெண்கள். அவர்கள் செய்த வேலையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிரசவ விடுதிக்கும் பெண்கள் பள்ளிக்கும் அவர்கள் போராடினார்கள். ஆனால் ஒருவர் நியமித்து வந்தவர், நியமித்தவரை எதிர்த்து எவ்வளவு தூரம் பேச முடியும்?

1956-57இல் தாரா செரியன் சென்னையின் முதல் பெண் மேயர் ஆனார். 1971-72இல் காமாட்சி ஜெயராமன். 1973இல் அந்த மாமன்றம் கலைக்கப்பட்டது. பிறகு 23 ஆண்டுகள் சென்னைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. மாநில அரசு நினைத்தால் ஊருக்கு மன்றம் உண்டு, நினைக்காவிட்டால் இல்லை என்ற நிலைமை. தனி அலுவலர் ஒருவர் கையெழுத்திலேயே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

*

இதை மாற்றியது 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம். 1993 ஜூன் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடத்தியே ஆக வேண்டும், மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள் பெண்களுக்கு, பட்டியல் சாதிகளுக்கும் பழங்குடிகளுக்கும் மக்கள்தொகை விகிதப்படி இடங்கள், அவற்றுள்ளும் மூன்றில் ஒரு பங்கு அந்தப் பிரிவுகளின் பெண்களுக்கு. 1996இல் தமிழ்நாட்டில் தேர்தல் நடந்தது. திருச்சியின் முதல் மேயராகப் புனிதவல்லி பழனியாண்டியும் திருநெல்வேலியின் முதல் மேயராக உமாமகேஸ்வரியும் வந்தார்கள். தாரா செரியனுக்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு.

2016இல் தமிழ்நாடு பெண்களுக்கான பங்கைப் பாதியாக உயர்த்தியது. அதே ஆண்டு அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, நகரங்களில் மன்றம் இல்லாமலே ஐந்தாண்டுக்கும் மேல் போயிற்று. அதாவது பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்த மறுகணமே, உட்கார நாற்காலியே இல்லாமல் போனது. 2022 பிப்ரவரி 19ஆம் தேதி ஒருவழியாகத் தேர்தல் நடந்தது. 21 மாநகராட்சிகளில் 11 மேயர் பதவிகள் பெண்களுக்கு. சென்னைக்கு 28 வயது பிரியா, அந்நகரின் முதல் தலித் பெண் மேயர். என் மாணவி கட்டோடு வந்தது அதற்கு அடுத்த வாரங்களில்.

*

இனி அந்தக் கட்டுக்குள் போவோம். மேயர் ஊரை ஆள்கிறார் என்று நாம் நினைக்கிறோம். மேயர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறார். நிர்வாக அதிகாரம் ஆணையரிடம் இருக்கிறது. அவரை நியமிப்பதும் மாற்றுவதும் மாநில அரசு. 1888ஆம் ஆண்டு பம்பாய்ச் சட்டம் போட்டுத் தந்த அச்சு இது. இந்தியர்கள் பேசட்டும், அதிகாரி நடத்தட்டும் என்ற ஏற்பாடு. மன்றம் தீர்மானம் போடும், அது பிடிக்காவிட்டால் அரசு ரத்து செய்யலாம். குடிநீர்த் திட்டங்களைக் குடிநீர் வாரியம் கட்டுகிறது, பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறைக்கு, மின்சாரம் வாரியத்துக்கு, பேருந்து போக்குவரத்துக் கழகத்துக்கு. அரசியல் சட்டத்தின் 12ஆவது அட்டவணை நகராட்சிகளுக்கு 18 பணிகளை வரிசைப்படுத்துகிறது. எதை எவ்வளவு தருவது என்பது மாநிலத்தின் கையில்.

ஆனால் காலை ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வராவிட்டால் வாரியத்தின் கதவை யாரும் தட்டுவதில்லை. கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். கவுன்சிலர் பெண்ணாக இருந்தால் இன்னும் உரிமையோடு தட்டுகிறார்கள். "இட்லி அவிச்சுக்கிட்டு இருக்கும்போதே வாசல்ல நாலு பேர் மேடம்" என்பாள் அவள். இந்த உழைப்புக்கு நெடுநாள் கூட்டப்படி மட்டுமே இருந்தது. 2023இல்தான் மாத மதிப்பூதியம் வந்தது. மேயருக்கு 30,000 ரூபாய், மாநகராட்சி உறுப்பினருக்கு 10,000. பெண்ணின் வேலைக்குக் கூலி எதற்கு என்று கேட்டுப் பழகிய சமூகத்தில் இதைச் சிறு விஷயம் என்று நான் நினைக்கவில்லை.

புதிய மன்றங்களுக்கு முதல் சோதனை சொத்து வரியில் வந்தது. 2022 மார்ச் தொடக்கத்தில் பதவியேற்றார்கள். ஏப்ரல் முதல் நாளிலேயே அரசின் அறிவிப்பு வந்தது. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 விழுக்காட்டில் தொடங்கி, 1,800க்கு மேல் 100 விழுக்காடு வரை உயர்வு. மத்திய நிதிக்குழு மானியத்துக்கு அது நிபந்தனை என்று காரணம் சொல்லப்பட்டது. முடிவு எங்கோ எடுக்கப்பட்டது. அதைத் தீர்மானமாக்கித் தங்கள் பெயரில் ஊருக்குச் சொல்லும் வேலை, நாற்காலியில் ஒரு மாதம்கூட உட்காராத உறுப்பினர்களுக்கு வந்தது. அவர்களில் பாதிப்பேர் பெண்கள். தெருவில் ஏச்சு வாங்கியவர்களிலும் பாதிப்பேர் பெண்கள்.

மேயரின் நிலைமையும் சுகமானதல்ல. 1996, 2001, 2011 தேர்தல்களில் மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 2006லும் 2022லும் உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள். விதி மாறும்போது மேயரின் முதுகெலும்பும் மாறுகிறது. உறுப்பினர்களால் வந்தவர் உறுப்பினர்களையும் கட்சி மாவட்டச் செயலாளரையும் நம்பியே நிற்க வேண்டும். காஞ்சிபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உத்திரமேரூர் இருக்கும் மாவட்டத்தின் தலைநகர். 2021இல் மாநகராட்சி ஆனது, 51 வார்டுகள். அதன் முதல் மேயர் மகாலட்சுமி யுவராஜ். அவர் மீது, சொந்தக் கட்சி உறுப்பினர்களும் சேர்ந்து நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார்கள். 2024 ஜூலை 29ஆம் தேதி வாக்கெடுப்பு. அரங்கில் ஆணையர் காத்திருந்தார். உறுப்பினர் ஒருவரும் வரவில்லை. தீர்மானம் தோற்றது. மேயர் தொடர்ந்தார்.

அவர் வென்றாரா? பதவி நிலைத்தது என்று மட்டும் சொல்லலாம். மன்றத்தில் யாரும் அவரை ஆதரித்தும் பேசவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. மேயரின் விதியை முடிவு செய்ய வேண்டிய மன்றம் அன்று கூடவே இல்லை. அதே ஜூலையில் கோவையின் பெண் மேயரும் நெல்லையின் ஆண் மேயரும் பதவி விலகினார்கள். ஆகவே இது பெண் என்பதால் மட்டும் நேர்வது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கட்சிக்குள் சொந்தப் பலம் சேர்க்க வாய்ப்பே தரப்படாத ஒருவருக்கு இந்த ஏற்பாடு எவ்வளவு வழுக்கலான தரை என்பதைச் சொல்லலாம்.

*

பார்வையாளர் மாடத்தில் ஒரு கூட்டத்தை நான் நேரில் பார்த்தேன். எங்கள் ஊர்க் கூட்டம்தான். கீழே மன்றத்தில் பாதிக்கு மேல் பெண்கள். மாடத்தில் என்னைத் தவிர எல்லாரும் ஆண்கள். கணவர்கள், அண்ணன்கள், ஒரு மாமனார். ஒருவர் கைபேசியில் தட்ட, கீழே ஒரு பெண் தன் கைபேசியைப் பார்த்துவிட்டு எழுந்து பேசினார். வட இந்தியாவில் இவர்களுக்குப் பெயரே உண்டு, 'சர்பஞ்ச் பதி', 'பார்ஷத் பதி' என்று. நம் ஊரில் பெயர் இல்லை. 'கவுன்சிலர்' என்றே கூப்பிடுகிறோம். கூப்பிட்டால் அவர்தான் திரும்பிப் பார்க்கிறார்.

இதைச் சொல்லித்தான் இட ஒதுக்கீட்டையே கேலி செய்கிறார்கள். "பொம்மைகள்தானே?" என்று என் துறையிலேயே ஒருவர் கேட்டார். ஆனால் ஆண் உறுப்பினர் தன் கட்சிச் செயலாளரிடம் கேட்டுக் கை தூக்கும்போது அவரை யாரும் பொம்மை என்பதில்லை. அது கட்சிக் கட்டுப்பாடு. மனைவி கணவனைக் கேட்டால் மட்டும் அது இட ஒதுக்கீட்டின் தோல்வி. இரண்டும் பறிபோன குரல்தான். ஒன்றை மட்டும் நகைச்சுவையாக்குவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது.

பெண் நாற்காலியில் இருந்தால் போதும் என்றும் நான் சொல்ல வரவில்லை. 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகையின் வாசலில், தங்கள் வேலை தனியாருக்குப் போவதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள். ஒரு நள்ளிரவில் அவர்கள் அகற்றப்பட்டார்கள். உள்ளே மேயர் நாற்காலியும் ஒரு தலித் பெண்ணுடையதுதான். அந்த வாசல்படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்ற பெண்களுக்கு நடுவில், எழுவாய் இல்லாத அந்த வாக்கியங்கள் நின்றன.

*

என் மாணவியின் கட்டுக்கு வருகிறேன். அன்று இரவு பத்து மணி வரை உட்கார்ந்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எழுவாய் தேடினோம். யார் கேட்டது, யார் கட்டுவது, யார் பணம், யாருக்கு நட்டம். நாற்பது சொச்சமாவது பொருளில் அவள் நின்றாள். பழுதடைந்த பொதுக்கழிப்பிடம் ஒன்றை இடித்து, வருவாய் பெருக்கும் பொருட்டுக் கடைகள் கட்டுவது என்று இருந்தது. இடம் அவள் வார்டு. "மேடம், இது லேடீஸ் டாய்லெட். எங்க தெருவுல பாதி வீட்டுக்கு இதை விட்டா வேற இல்ல" என்றாள். அஜெண்டாவில் 'பெண்கள்' என்ற சொல்லே இல்லை.

கூட்டத்தில் எல்லாப் பொருளும் மொத்தமாக நிறைவேறப் போகிற நேரம் அவள் எழுந்தாள். கைபேசியைப் பார்க்காமல் பேசினாள். மாடத்திலிருந்து அவள் கணவர் உட்காரும்படி சைகை செய்ததைப் பக்கத்து இருக்கைப் பெண் பிறகு சொன்னாராம். பொருள் ஒத்திவைக்கப்பட்டது. இரண்டு மாதம் கழித்து, கடைகளுக்குப் பின்புறம் நான்கு கழிப்பறை என்ற திருத்தத்தோடு மறுபடி வந்தது. அங்கே விளக்கு இல்லை, வழி குறுகல், இரவில் பெண்கள் போக முடியாது என்றாள். இந்த முறை யாரும் கேட்கவில்லை. தீர்மானம் நிறைவேறியது.

"என் எதிர்ப்பைப் பதிவு பண்ணுங்கன்னு கேட்டேன் மேடம். பண்ணிட்டாங்க" என்று நடவடிக்கைக் குறிப்பின் நகலைக் கொண்டுவந்து காட்டினாள். பக்கம் முழுக்க எழுவாய் இல்லாத வாக்கியங்கள். கீழே ஒன்று மட்டும் வேறு மாதிரி. வார்டு எண், அவள் பெயர், எதிர்ப்புத் தெரிவித்தார் என்ற ஒற்றை வரி. அதைத் தொட்டுப் பார்த்தேன். அவள் தோற்ற தீர்மானம்தான். ஆனாலும் நாளை யாராவது ஒரு மாணவி இந்த ஊரின் வரலாற்றை எழுத வந்தால், அந்தப் பக்கத்தில் யார் என்ன சொன்னார் என்று அவளுக்குத் தெரிய ஒரு வரி இருக்கிறது.

கிளம்பும்போது புது லெட்டர் பேடிலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் தந்தாள். அச்சான எண்ணைப் பார்த்தேன். அடித்தல் இல்லை. அவளுடையது.

"அவர் ஒண்ணும் சொல்லலையா?" என்றேன்.

"சொன்னாரு. கோவமாத்தான் இருந்தாரு. ஆனா காலைல ஆறு மணிக்கே போன் வருதுல்ல, இப்ப நிம்மதியாத் தூங்குறாரு மேடம்."